மெக்சிக்கோ மாமியைக் கீரியில் விட்டுவந்த பயணம்

சண்டை நிறுத்தம் வந்து இரண்டாவது வருடம், ஒக்டோபர் கடைசியில், நானும் மனைவி லூப்பேயும் லண்டனிலிருந்து மன்னாருக்குப் போய்வந்தோம். பாதை திறந்திருக்கும்போதே ஊரைப் பார்த்துவிடவேண்டும் என்று இப்போது பலரும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஒக்டோபர் கடைசி போகிற காலம் இல்லை, மழை பிடித்துவிடும். அது எனக்குத் தெரியாததல்ல, நான் மன்னார்த் தீவில் கீரியில் பிறந்தவன். ஆனால் நவம்பர் இரண்டாம் திகதி அங்கே நிற்கவேண்டும் என்று லூப்பே ஒற்றைக்காலில் நின்றாள்.

லூப்பே மெக்சிக்கோக்காரி. அவளுடைய ஊரில் களிமண்ணால் ‘வாழ்வின் மரம்’ என்று ஒன்று செய்வார்கள். அடிமரம், கிளைகள், நடுவில் ஆதாமும் ஏவாளும், சுற்றிவரப் பூவும் பறவையும் மனிதர்களும். எல்லாவற்றையும் தனித்தனியே சுட்டுக் கம்பியால் கிளைகளில் பொருத்துவார்கள். கலியாணம் கட்டுகிறவர்களுக்கு இரண்டு வீட்டு ஆட்களையும் வைத்து ஒரு மரம் செய்து கொடுப்பது அவள் குடும்பத்து வழக்கம். அவள் அம்மா தெரேசாவுக்கு அதுதான் தொழில். எங்களுடைய மரத்தையும் அவர்தான் செய்வதாக இருந்தது. அதற்கு முதல் இறந்துபோனார்.

அந்த நேரம் லூப்பேயின் கடவுச்சீட்டு விசா விண்ணப்பத்தோடு ஒரு கந்தோரில் கிடந்தது. செத்தவீட்டுக்குப் போகமுடியவில்லை. என் அப்பா இடம்பெயர்ந்திருந்த இடத்தில் காய்ச்சலில் இறந்தபோது என்னுடைய அகதி வழக்கு முடியாமல் இருந்தது, நானும் போகவில்லை. ஆனால் நான் குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு பாட்டம் அழுதுமுடித்தேன். லூப்பே அழவே இல்லை. ஒரு நாள் கோப்பை கழுவிக்கொண்டு நிற்கும்போது, “அம்மாவின் முகம் எனக்கு மறந்துகொண்டு வருகிறது” என்றாள். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. இருந்தது ஒரே ஒரு படம். அதிலும் அந்த அம்மா நாயை அதட்டிப் பேசுவதற்குத் திரும்பியதால் முகம் கலங்கிப்போய் இருந்தது.

மரத்தை நீயே செய்யேன் என்றேன். அங்கேதான் சிக்கல். தன்னுடைய செத்த ஆளைத் தானே செய்யக்கூடாது என்பது அவர்கள் வீட்டுக் கட்டளை. செய்தால் திருத்தித் திருத்தியே மண் காய்ந்துவிடுமாம், ஒரு நாளும் முடியாதாம். இன்னொருவர் செய்யவேண்டும், நீ பக்கத்தில் இருந்து சொல்லவேண்டும். அப்படியென்றால் அவளுடைய அம்மாவை யார் செய்வது? மாப்பிள்ளை வீட்டில் மூத்த பெண், அதாவது என் அம்மா. என் அம்மா களிமண்ணில் அதுவரை செய்தது அடுப்பு மட்டும்.

கொழும்பிலிருந்து வான் பிடித்தோம், ஒன்பதாயிரம் ரூபா. பஸ்ஸில் இதில் பத்தில் ஒரு பங்கும் வராது, ஆனால் மண் ஏற்றவேண்டி இருந்தது. காலை நாலரைக்கு வெளிக்கிட்டுப் புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி வழியாக முந்நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. சாரதி நியாஸ் நானா எருக்கலம்பிட்டிக்காரர். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனத்தோடு ஊரைவிட்டு அனுப்பப்பட்டுப் புத்தளத்தில் முகாமில் இருந்தவர். இப்போது கொழும்புக்கும் மன்னாருக்கும் வான் ஓடிக்கொண்டு, ஊரில் கூரை போன வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துகிறார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஏதாவது ஒன்று ஏற்றுவார். எங்களோடு வந்தது ஒரு கதவு. லூப்பே வழி முழுக்க அந்தக் கதவில் சாய்ந்து நித்திரை கொண்டாள்.

மன்னார்த் தீவு முழுக்க மணல், களிமண் கிடையாது. மண் வேண்டுமென்றால் வரும் வழியிலேயே முருங்கனில் எடுத்துவிடவேண்டும். அங்கிருந்து மன்னார் இருபது கிலோமீற்றர் சொச்சம். செங்கல்லுக்கு மண் வெட்டுகிற இடத்தில் வானை நிறுத்தினார் நியாஸ் நானா. தெருவோரம் சிவப்பில் மண்டையோடு கீறிய பலகைகள் நின்றன. கண்ணிவெடி இருக்கிறது என்று அர்த்தம், எனவே ஆட்கள் வெட்டுகிற இடத்தைத் தவிர வேறு எங்கும் கால் வைக்கவேண்டாம். லூப்பே ஒரு துளி மண்ணை எடுத்து நாக்கில் வைத்துச் சப்பிப் பார்த்தாள். மண் வெட்டிக்கொண்டு நின்றவர் மண்வெட்டியை அப்படியே நிறுத்திவிட்டார். “மணல் கடிக்கவில்லை, நல்ல மண்” என்று அவள் சொன்னதை மட்டும் மொழிபெயர்த்தேன்.

இரண்டு மூட்டை, கூலியோடு இருநூறு ரூபா. ஏற்றும்போது நியாஸ் நானாவுக்கு மனக்குறை ஏதும் இருக்குமோ என்று எதற்கு இந்த மண் என்பதைச் சொல்லிவைத்தேன்.

“தம்பி, எங்கட ஆக்கள் உருவம் செய்யிறேல்ல. ஆனா மண் ஏத்துறதில என்ன கிடக்கு? கதவுக்குக் கீழ போடுங்கோ” என்றார்.

தள்ளாடி என்ற இடத்து இராணுவ முகாமில் இறங்கி நடக்கவேண்டும், பொதிகளைத் திறந்து காட்டவேண்டும். அங்கே நின்ற இளம் சிப்பாய் கடவுச்சீட்டைப் பார்க்காமலே லூப்பேயோடு சிங்களத்தில் கதைக்கத் தொடங்கினான். என்னை ஒரு தரமும் அவளை ஒரு தரமும் பார்த்த பார்வையில், நான் ஒரு சிங்களப் பெண்ணை எங்கோ கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நினைத்தது தெரிந்தது. (தீவுக்குள் வந்தபிறகு எல்லோரும் அவளோடு தமிழில் கதைத்தார்கள். எங்கே போனாலும் அந்த ஊர்க்காரி போல இருக்கிற பாக்கியம் அவளுக்கு.) நியாஸ் நானா சிங்களத்தில் விளக்கினார். சிப்பாய் மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு பிடி எடுத்து விரலால் உருட்டினான். அவன் தங்கொட்டுவைப் பக்கமாம், வீட்டில் கூரை ஓடு சுடுகிற தொழிலாம். “இங்கிலாந்தில் மண் இல்லையா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். உருட்டிய உருண்டையைத் திருப்பித் தரவில்லை.

பாலத்தைக் கடந்து தீவுக்குள் இறங்கியதும் லூப்பே வானை நிறுத்தச் சொன்னாள். கழுதை! மன்னார் நகரத்துத் தெருக்களில் கழுதைகள் உரிமையோடு திரிகிறதைப் பார்த்தவளுக்குத் தன் ஊருக்கே போன சந்தோசம். நான் இருபது வருடம் பார்த்துச் சலித்த கழுதையைப் படம் எடுக்க அரை மணித்தியாலம் போனது. கீரிக்கு அங்கிருந்து பத்து நிமிடம்தான்.

அம்மா படலையில் நின்றார். என்னைக் கட்டிப்பிடித்து அழுது, லூப்பேயைக் கட்டிப்பிடித்துச் சிரித்து, “மெலிஞ்சு போனாய்” என்று அவளைப் பேசினார். அதற்கு முதல் அவளைக் கண்டதே இல்லை. சாப்பாட்டுக்குக் கணவாய்க் கறி. வெளிநாட்டுப் பிள்ளை என்று உறைப்பைக் குறைத்துப் போட்டிருந்தார். லூப்பே பச்சை மிளகாயைக் கேட்டு வாங்கிக் கடித்துக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு இந்தக் கலியாணத்தில் முழு நம்பிக்கை வந்தது.

அடுத்த நாள் பள்ளிமுனைக்குப் பெருக்கமரம் பார்க்கப் போனோம். நகரத்திலிருந்து ஓட்டோ அறுபது ரூபா. யாரோ அராபிய வியாபாரிகள் கொண்டுவந்து நட்டது என்பார்கள். யானை படுத்திருக்கிற மாதிரி அடிமரம், அதற்குப் பொருத்தமில்லாமல் மேலே குச்சிக் கிளைகள். லூப்பே அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, எங்கள் மரத்துக்கு இதுதான் அடிமரம் என்று முடிவு செய்தாள். வெளியில் இருந்து வந்து இங்கேயே வேர் விட்ட மரம் அவளுக்குப் பிடித்திருந்தது. குட்டையாக இருந்தால் பெட்டிக்குள் அடங்கும் என்பதால் எனக்கும் பிடித்திருந்தது.

வேலை குசினியில்தான் நடந்தது, வெளியே ஒரே மழை. ஆதாமும் ஏவாளும் முதலில் முடிந்தார்கள். அம்மா பார்த்த உடனே, “இதென்ன கோதாரி, பாதர் வாற வீடு” என்று சொல்லி ஆதாமுக்கு ஒரு சாரம் கட்டிவிட்டார். ஏவாளுக்குத் தலைமுடியை நீட்டி லூப்பே ஒரு மாதிரிச் சமாளித்தாள். பிறகு கழுதை, நாய், கணவாய், இரண்டு ஊர்ப் பூக்கள்.

அப்பாவை லூப்பே செய்தாள். அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டதற்கு அம்மா, “அவரோ? சும்மா மனுசன்” என்றார். பிறகு மெல்ல மெல்ல வந்தது. வலை சுமந்து வலது தோள் இறங்கினவர். கடலுக்குப் பயமில்லை, நாய்க்குச் சரியான பயம். கரையிலிருந்து வரும்போது நாய் நிற்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவாராம். எனக்கு இது தெரியவே தெரியாது! என்னை நாய்க்குப் பயப்படாதே என்று அதட்டிய மனிதர். லூப்பே அப்பாவைத் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறவராகவே செய்தாள். ஒரு விரல் நீள உருவத்தில் அப்பா அச்சொட்டாக வந்து நின்றார். நான் மழையில் நனைந்த உடுப்பை எடுக்கப் போகிறேன் என்று வெளியே போய் நின்றேன்.

அடுத்தது என் அம்மா தெரேசாவைச் செய்யவேண்டும், லூப்பே பக்கத்தில் இருந்து சொல்லவேண்டும். மூக்கு எப்படி, கண் எப்படி என்று கேட்டால் என்ன சொல்வாள்? அதுதானே மறந்துபோனது. அம்மா அதைக் கேட்கவில்லை. நான் இடையில் இருந்து மொழிபெயர்த்தேன்.

“கோவம் வந்தா என்ன செய்வா?”

“கையில் இருப்பதை எறிவதுபோல ஓங்குவார். எறியமாட்டார்.”

“மழை வந்தா உடுப்பு எடுக்க ஆர் ஓடுறது?”

“அவர்தான். ஓடிக்கொண்டே எங்களைப் பேசுவார்.”

“பகிடி விட்டா?”

“சொல்லிமுடிக்க முதலே தானே சிரித்துவிடுவார். முடிவு எங்களுக்குத் தெரியவே வராது.”

“எங்கட ஆள்தான்” என்றார் அம்மா.

இரண்டு பின்னல், பை வைத்த ஏப்ரன், ஓங்கிய வலது கையில் ஒரு உருண்டை மண், சிரிப்புக்குத் திறந்த வாய். காதுக்குத் தோடு இல்லாமல் மனுசி எப்படி இருக்கும் என்று அம்மா தன் பாட்டில் தோடு ஒன்றும் போட்டுவிட்டார். லூப்பே கனநேரம் பார்த்தாள்.

“மூக்கு பிழை. இது உங்கள் மூக்கு” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். பிறகு, “ஆனால் அந்தக் கை அம்மாதான்” என்றாள். அந்த ஓங்கிய கையைத் தொடாமல் அதன் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு இருந்தாள்.

அடுப்புக்கு மேலே காயவைத்து, மழை விட்ட ஒரு பின்னேரம் முற்றத்தில் சுட்டோம். அரைவாசி வெட்டிய எண்ணெய்த் தகரப் பரல், உடைந்த ஓடு, தேங்காய்ப் பொச்சுமட்டை, பனங்குற்றி. வேலிக்கு அந்தப் பக்கம் சனம் கூடிவிட்டது. மருமகள் ஆதாமைச் சுடுகிறாள் என்ற செய்தி கோயில்வரைக்கும் போயிருந்தது. எல்லாம் நல்ல சிவப்பாக முழுசாக வந்தது. ஏவாளுக்கு மட்டும் ஒரு கால் கருகிவிட்டது, அது காணக்கூடிய இடமில்லை.

நவம்பர் இரண்டு, ஆத்துமாக்கள் திருநாள். லூப்பேயின் ஊரிலும் அன்றைக்குத்தான் சனமெல்லாம் பூவும் சாப்பாடுமாகக் கல்லறைக்குப் போகும். எங்கள் சேமக்காலையிலும் பின்னேரம் ஒவ்வொரு குருசடியிலும் மெழுகுதிரி எரியும், பாதர் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். அப்பாவைப் புதைத்தது இடம்பெயர்ந்த இடத்தில், ஊருக்குத் திரும்பிய அம்மா அவர் பெயருக்கு இங்கே நட்ட குருசை நான் முதல்முதலாகக் கண்டேன். மெழுகுதிரி கொளுத்தினேன். அதற்குப் பிறகு அம்மா தன் பைக்குள்ளிருந்து ஒரு துவாயை எடுத்து விரித்தார். உள்ளே லூப்பேயின் அம்மா.

“இவவுக்கும் இண்டைக்குத்தானே நாள்” என்று சொல்லி அப்பாவின் குருசுக்குப் பக்கத்தில் மணலில் நிறுத்தி, இன்னொரு மெழுகுதிரி வைத்தார். பாதர் வந்தபோது, “என்ர சம்பந்தி, தெரேசம்மா” என்று அறிமுகப்படுத்தினார். பாதர் அவருக்கும் தீர்த்தம் தெளித்தார். லூப்பே அப்போதும் அழவில்லை. மெழுகுதிரியைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். தெரேசம்மாவின் தோளிலிருந்து நகத்தளவு சில்லு ஒன்று தெறித்து மணலில் விழுந்தது. ஓங்கிய கைக்குச் சரியாகக் கீழே.

லூப்பே குனிந்து பார்த்தாள். உடைந்த குழிக்குள் வெள்ளையாக ஒரு புள்ளி. அவள் முகம் மாறிவிட்டது. “இதற்குள் யார் கடல் மணல் போட்டது?” என்று கேட்டாள். நான் அதை அப்படியே அம்மாவிடம் கேட்டேன்.

அம்மாவின் கை வாய்க்குப் போனது. “கையில ஒட்டிப் பிடிச்சுது, அதுதான் முத்தத்து மணல் ஒரு பிடி போட்டனான். அடுப்புக்கும் அப்பிடித்தானே போடுறனாங்கள்.”

கடற்கரைச் சனம் எல்லோரும் செய்கிற வேலை. அடுப்புக்கு அது பிழையில்லை, தெறித்தால் யார் கவலைப்படப்போகிறார்கள்? ஆனால் எங்கள் முற்றத்து மணலில் பாதி சிப்பி. சிப்பி நெருப்பில் சுண்ணாம்பாகிவிடும். பிறகு ஈரக்காற்றை உறிஞ்சி வீங்கி, மண்ணைத் தெறிக்கவைக்கும். மற்ற உருவங்கள் லூப்பே குழைத்த மண், அவற்றுக்கு ஒன்றுமில்லை. அம்மா செய்த தெரேசம்மா மட்டும் உள்ளுக்குள்ளேயே வெடித்துக்கொண்டு நின்றார், அதுவும் கார்த்திகை மழைக்குள்.

செய்யக்கூடியது ஒன்றுதான் என்றாள் லூப்பே. முழுசாகத் தண்ணீருக்குள் போட்டால் சுண்ணாம்பு ஒரேயடியாக நீறி அடங்கிவிடலாம். இல்லாவிட்டால் உடனேயே கை கழன்று விழலாம். வீட்டுக்கு வந்த வேகத்தில் கிணற்றுத் தண்ணீர் அள்ளி வாளியை வைத்தேன். தெரேசம்மாவை இறக்கியது லூப்பேதான். குமிழி குமிழியாக வந்தது. இரண்டு சில்லு கழன்று வாளியின் அடியில் போய்க் கிடந்தது. அம்மா செபமாலையை எடுத்துவிட்டார். குமிழி நிற்கும்வரைக்கும் மணி உருட்டிக்கொண்டு இருந்தார். வெளியே எடுத்தபோது தோளைச் சுற்றி மயிர் போல ஒரு வெடிப்பு. கை இருந்தது. ஓங்கினபடியே இருந்தது.

ஆனால் அந்தத் தோளோடு மன்னார்த் தெருவின் குழிகளில் வானில் போய், பிறகு விமானம் ஏறி, லண்டன் வருவது நடக்காத காரியம். அது மூன்று பேருக்கும் தெரியும். அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். லூப்பேயைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்.

“நான்தானே பிள்ளை பழுதாக்கினனான். இவவை நான் வைச்சுப் பாக்கட்டோ? நீ இவரைக் கொண்டு போ.”

‘இவர்’ என்றது மேசையில் நாயைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்ற அப்பாவை. நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். லூப்பேக்கு மிச்சம் தேவைப்படவில்லை. “ஓம்” என்றாள். அவளுக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் ஒன்று. சொல்லிவிட்டு அம்மாவின் மடியில் முகத்தை வைத்து, ஒரு வருடமாக வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். எனக்குக் கவலையாகவும் இருந்தது, பெரிய நிம்மதியாகவும் இருந்தது.

இனிப் போகிறவர்களுக்குச் சில விசயங்கள். மண் வேலைக்குப் போனால் ஆனி முதல் ஆவணிவரை போங்கள். கச்சான் காற்றுக்கு எதுவும் ஒரு நாளில் காய்ந்துவிடும். மண்ணுக்கு மணல் கலப்பதென்றால் முருங்கனுக்குக் கிட்ட அருவியாற்று மணலை எடுங்கள், கரை மணல் வேண்டவே வேண்டாம். கடவுச்சீட்டைப் பெட்டியில் வைக்காமல் கையில் வைத்திருங்கள். வானுக்குப் போகவர ஒரே சாரதியைப் பேசினால் ஆயிரம் ரூபாவாவது குறையும். திரும்பி வரும்போது தள்ளாடியில் ‘மண்ணை என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது மேலாக வையுங்கள். எங்களிடம் அதே சிப்பாய் கேட்டான். ஆதாமின் சாரத்தைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினான். நியாஸ் நானாவின் கதவு அதற்குள் எருக்கலம்பிட்டி வீட்டில் பொருத்தப்பட்டுவிட்டது. சுவர் இரண்டு இன்னும் இல்லை, ஆனால் கதவைத் தட்டித்தான் உள்ளே போகவேண்டும் என்றார். நாங்களும் தட்டித்தான் போனோம்.

மரம் இப்போது எங்கள் முன்னறையில் நிற்கிறது. அப்பா ஒரு கிளையில், நாய் அவருக்கு எட்டாத இன்னொரு கிளையில். எதிர்க்கிளையில் ஒரு கம்பி மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வருகிறவர்கள் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்துத் தேடுகிறார்கள். விழவில்லை, ஊரில் இருக்கிறார் என்று லூப்பே சொல்வாள்.

அம்மா ஞாயிறு பூசை முடிய மன்னாருக்கு வந்து தொலைபேசிக் கடையிலிருந்து எடுப்பார். முதலில் மழை, பிறகு மீன் விலை, பிறகு சம்பந்தி. போன ஞாயிறு லூப்பே என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்து, “அம்மா சுகமா?” என்று தமிழில் கேட்டாள். எந்த அம்மாவைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

“அலுமாரிக்கு மேல ஈரம் படாமல் இருக்கிறா. முந்தநாள் ஒரு சின்னத் துண்டு உதிர விட்டவ. கூட்டி எறியேல்லை பிள்ளை, எடுத்துத் துணியில சுத்தி அவவின்ர காலடியில வைச்சிருக்கிறன்.”